ஒன்றரை மணி நேரத்தில் திருச்சி

ஜூலை 3, வியாழன்

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகத் தொடங்கிவிட்டது. குணாவிடம் சொன்னால், "வாஷர் வாங்கிட்டு வர்றேன்" என்கிறார். கல்யாணமாகிப் பத்தொன்பது ஆண்டுகளில் அவர் சொன்ன பொய்களில் அடிக்கடி சொன்னது இதுதான்.

அலுவலகத்தில் புது வேலை. தொழிலாளர் எண் எஸ் 114-ஐ ஊருக்கு அனுப்ப வேண்டும். பெயர் அடைக்கலம், வயது ஐம்பத்தொன்று. கிரேன் சுமை தூக்கும்போது கீழே நின்று ஓட்டுநருக்குக் கைச்சைகை காட்டும் சிக்னல்மேன். சிங்கப்பூருக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறதாம். காரணம் தெரியவில்லை, இனிக் கொடுக்க மருந்தும் இல்லை, குடும்பத்தோடு இருக்கட்டும் என்று மருத்துவமனையில் எழுதிவிட்டார்கள். ஆக்ஸிஜன் இல்லாமல் பத்து அடி நடக்க முடியாது. ஆக்ஸிஜனோடுதான் விமானத்தில் ஏற வேண்டும்.

மேனேஜர் ரத்தினவேலு கோப்பினை என் மேசையில் வைத்தார். "இந்திராணி, நீயே பாத்துக்க. ஃபார்ம்னா உனக்குத்தான் அத்துப்படி."

உண்மைதான். பதினாறு ஆண்டுகளில் நான் நிரப்பிய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஜூலை 4, வெள்ளி

தங்கும் விடுதிக்குப் போய் எஸ் 114-ஐப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் சுவரில் சொருகிய பெரிய இயந்திரம். ஒல்லியான மனிதர். கைகள் மட்டும் பெரியவை.

"பாஸ்போர்ட் குடுங்க. வேற எதாச்சும் வேணுமா?" என்றேன்.

"ஜன்னலோரம் கெடைக்குமா மேடம்?"

நான் சக்கர நாற்காலியையும் மருத்துவச் சான்றிதழையும் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன், இவருக்கு ஜன்னலோரம்.

"பன்னெண்டு தடவ இங்க வந்திருக்கேன். ஊருக்குப் போனது பதினொண்ணு. ஒரு போக்கு பாக்கி நிக்குது. அத மட்டும் முடிச்சிரணும்." இதைச் சொல்ல மூன்று முறை மூச்சு வாங்கினார்.

அவர் கைக்கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. "உங்க வாட்ச் ஸ்லோவா ஓடுது" என்றேன்.

"ஸ்லோ இல்ல மேடம். அது ஊர்ல ஓடுது."

திரும்பும் வழியில் கோப்பிக்கடையில் உருளைக்கிழங்கு வைத்த கறிபாப் வாங்கினேன். ஆறிப்போயிருந்தது.

ஜூலை 7, திங்கள்

இன்று மட்டும் இருபத்தொன்பது படிவங்கள். விரல் வீங்கிவிட்டது. பாதியில் எழுந்து ஒரு கோப்பி குடிக்கலாம் என்றால் தொலைபேசி விடாது.

எஸ் 114-க்குக் கையில் எடுத்துப்போகும் ஆக்ஸிஜன் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தாயிற்று. அது பேட்டரியில் ஓடும். ஒரு பேட்டரி இரண்டு மணி நேரம் வரும். பறக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கையில் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. பயணச்சீட்டைப் பார்த்தேன். 18-ஆம் தேதி, சிங்கப்பூர் புறப்பாடு பிற்பகல் 1.20, திருச்சி சேர்வது 2.50. ஒன்றரை மணி நேரம். ஒன்றரை மடங்குக்கு இரண்டேகால். இரண்டு பேட்டரி போதும், தாராளம். எழுதி, முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

பினாங்கு அக்கா அழைத்தாள். தீபாவளிக்கு வரச் சொல்கிறாள்.

ஜூலை 9, புதன்

இயந்திரம் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தது. பேட்டரி இரண்டு. கையெழுத்து வாங்கியாயிற்று. வாஷர் இன்னும் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

எஸ் 114 விஷயத்தில் ஒரு சின்னக் குழப்பம். சரியாகிவிட்டது. பேட்டரி இரண்டுக்குப் பதில் நான்கு. மேனேஜர் அவரைத் திட்டினார். பாவம்.

தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

எஸ் 114-க்குத் துணையாக அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. அவர் அறைக்காரர்கள் எல்லாரும் புதுக் கட்டுமானத் தளத்தில் இருக்கிறார்கள், விடுப்புக் கிடையாது. நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீயா? இந்தியாவுக்கே நீ போனதில்லையே!"

"போனா என்ன, கடிச்சா வச்சிடும்?"

வேறு ஆள் இல்லை என்பதால்தான் போகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். மூங்கில் கழியில் காயப்போட்டேன். மழை வந்தது, எடுத்தேன். மழை நின்றது, மறுபடி போட்டேன். எத்தனை வேலை செய்தாலும் அது மனத்தைவிட்டுப் போகவில்லை. நாட்குறிப்பில்கூடப் பொய் எழுதினால் பிறகு எங்கே போய் உண்மையைச் சொல்வது?

வியாழக்கிழமை நடந்தது இதுதான்.

காலை பத்து மணிக்கு எஸ் 114 சக்கர நாற்காலியில் அலுவலகத்துக்கு வந்தார். மடியில் வாடகை இயந்திரம். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். கிரேன்ல சாமான் தூக்குறதுக்கு முந்தி ஒரு சாண் சும்மா தூக்கி, நிறுத்திப் பாப்போம். அது மாதிரி இதையும் ஓட்டிப் பாத்தேன். மொத பேட்டரி ஒரு மணி அம்பத்திரண்டு நிமிசம் வந்துச்சு. ரெண்டாவது ஒரு மணி நாப்பத்தொம்போது. ரெண்டும் சேந்து நாலு மணி நேரத்துக்குப் பத்தாதே மேடம்?"

"எதுக்கு நாலு மணி நேரம்? ஒன்றரை மணி நேரம்தானே?" என்றேன். அதட்டலாகவே சொன்னேன். படிவத்தை எடுத்துக் காட்டினேன். ஒன்று இருபது, இரண்டு ஐம்பது.

அவர் கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். ஊரில் ஓடும் கடிகாரம்.

புறப்படுவது சிங்கப்பூர் நேரம், சேர்வது இந்திய நேரம். நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. பறப்பது நான்கு மணி நேரம். எனக்குத் தெரியாததா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் நான் வாழ்நாளில் விமானம் ஏறிப் போனது பினாங்கு, கோலாலம்பூர், ஒரு தடவை ஹாங்காங். எல்லாம் நம் நேரமே ஓடுகிற ஊர்கள். சீட்டைப் பார்த்தால் கை தானாகக் கழித்துவிடும். பினாங்குக்கு ஒன்றரை மணி நேரம் என்று கைக்குப் பழக்கம். அன்றும் கழித்துவிட்டது.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் வெளியே வந்தார். படிவத்தை வாங்கிப் பார்த்தார். "ஒன்றரை மணி நேரமா? யார் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியில் இருந்தவர் முந்திக்கொண்டார். "நாந்தான் சார். மேடம் கேட்டாங்க. ஏதோ நெனப்புல தப்பாச் சொல்லிட்டேன்."

"இருபத்து மூணு தடவை பிளேன் ஏறின ஆளு நீங்க. எத்தனை மணி நேரம்னு தெரியாதா? உயிர் போற விஷயம்யா!"

"எனக்குக் கணக்கு வராது சார்."

நான் சும்மா நின்றேன். கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். திறக்க வேண்டிய வாய் அவர் போன பிறகும் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

விசா வந்துவிட்டது. அடைக்கலம் அண்ணனின் மனைவி அமிர்தத்திடம் பேசினேன். இனி எஸ் 114 என்று எழுதப்போவதில்லை.

"கோழிக்கொழம்பு சாப்புடுவீகளா? இல்ல, சைவமா?" என்று கேட்டார். நான் அவர் கணவரின் மூச்சைப் பற்றிச் சொல்லத் தயாராக இருந்தேன், அவர் என் சாப்பாட்டைக் கேட்கிறார். பிறகு மெதுவாக, "முழுசா வந்து சேந்துருவாகள்ல?" என்றார்.

"வந்துடுவார்க்கா. நான் கூட்டிக்கிட்டு வர்றேன்."

சொன்ன பிறகு கை நடுங்கியது.

ஜூலை 17, வியாழன்

பேட்டரி நான்கையும் நானே ஓட்டிப் பார்த்தேன். அடைக்கலம் அண்ணன் நேரம் பார்த்தார். குணா சாக்லெட் வாங்கி வந்தார். வாஷர் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

அடைக்கலம் அண்ணன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே ஒரே பேச்சுக் குரல். ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

விமான நிலையத்தில் ஏறும்வரை இயந்திரத்தைச் சுவரில் சொருகி வைத்திருந்தோம். ஏறும்போது 12.55. முதல் பேட்டரி. அவருக்கு ஜன்னலோரம், எனக்குப் பக்கத்து இருக்கை. உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். உறை கிழிந்து, நூலால் கட்டியிருந்தது.

"கை நடுங்குது மேடம். கதவு மூடுற நேரத்த எழுதுறீகளா?"

நோட்டைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபத்து மூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் தேதி, வரத்தா போக்கா என்பது, கதவு மூடிய நேரம், சக்கரம் எழும்பிய நேரம், தொட்ட நேரம், கதவு திறந்த நேரம், மொத்தம். எல்லாம் நிமிடக் கணக்கில். இரண்டு ஊர் நேரத்தையும் எழுதி, இரண்டரை மணியைச் சேர்த்தோ கழித்தோ போட்ட கூட்டல் ஓரத்தில். ஓர் அடித்தல் இல்லை. ஒரு போக்குக்கு நாலு மணி ஆறு நிமிடம், இன்னொன்றுக்கு மூன்று ஐம்பத்தெட்டு. கடைசிக் கட்டத்தில் குறிப்பு. "ஆடி மாதம். காற்று பின்னால் இருந்து தள்ளியது." "மகள் பிறந்து முதல் போக்கு. நேரம் போகவில்லை." "அம்மா காரியத்துக்கு. நேரம் பார்க்க மனமில்லை, பார்த்தேன்." "வரத்து. பக்கத்து இருக்கைப் பையன் அழுதான். நானும்."

இந்த மனிதர்தான் எனக்காக, "கணக்கு வராது சார்" என்று தலையைக் குனிந்து நின்றார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நிமிடம் பிசகாத மனிதர், தனக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னார். இத்தனை நாள் சேர்த்த பெருமையை ஒருவர் எனக்காகக் கீழே வைத்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. கதவு மூடியது 1.26 என்று எழுதினேன். எழுத்துக் கோணலாக விழுந்தது.

2.47-க்கு முதல் பேட்டரி தீர்ந்தது. இரண்டாவதை மாட்டினேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை.

"மேடம், ஒன்றரை மணி நேரம் ஆச்சு. எறங்கலாமா?"

எட்டிப் பார்த்தேன். கீழே கடல். நாலாபுறமும் கடல். முன்னிருக்கைத் திரையில் எங்கள் விமானம் நிக்கோபார் பக்கம் நீலத்தின் நடுவே நின்றது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பணிப்பெண் ஓடி வந்து, நோயாளியை விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். "அன்னைக்கு ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"சாமான் மேல தொங்கும்போது கிரேன்காரன வையக் கூடாது. வஞ்சா அவன் கை நடுங்கும். நடுங்குனா சாமான் ஆடும். எறங்குற வரைக்கும் அவனுக்குத் தெம்பா இருக்கணும். என் டிக்கெட்டு, பேட்டரி, எல்லாம் ஒங்க கையிலதான இருந்துச்சு?"

"எறங்கின பிறகு?"

"எறங்குன பெறகு வைவோம். நல்லா வைவோம்."

4.36-க்கு இரண்டாவது பேட்டரி தீர்ந்தது. அப்போதும் கரை எதுவும் தெரியவில்லை. என் படிவத்தின்படி வந்திருந்தால் அவர் மூச்சு இங்கே நின்றிருக்கும். மூன்றாவதை மாட்டும்போது என் கை நடுங்கவில்லை. அதைக் கவனித்து எனக்கே ஆச்சரியம்.

திருச்சிக்கு மேலே மழைமேகம். விமானம் இறங்காமல் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. கோயில் மலையொன்று சாய்வாகத் தெரிந்து மறைந்தது. நான் பேட்டரியின் பச்சை விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் எண்ணவில்லை, ஜன்னலில் நெற்றியை வைத்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் இறங்கினோம். கதவு திறந்தது சிங்கப்பூருக்கு 5.57, அவர் கடிகாரத்துக்கு 3.27. மொத்தம் நாலு மணி முப்பத்தொரு நிமிடம். இருபத்து நான்கு வரிகளில் இதுதான் நீளம்.

"எறங்கியாச்சு. இப்ப வையுங்க" என்றேன்.

"இன்னும் எறங்கல. வீட்டு வாசல்ல வச்சாத்தான் எறங்குனது."

அதுவும் நியாயம்தான். மூவாயிரம் கிலோமீட்டரை நாலரை மணி நேரத்தில் தாண்டினோம். திருச்சியிலிருந்து அறந்தாங்கிக்கு அப்பால் இந்தத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு ஆம்புலன்சில் இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. வாசலில் அமிர்தக்கா நின்றார். அழுவார் என்று நினைத்தேன். கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, இம்புட்டு நேரமா?"

"மேல சுத்துனான்த்தா" என்றார் அண்ணன்.

ஜூலை 19, சனி

காலையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து நோட்டைச் சரிபார்த்தோம். வரத்து பன்னிரண்டு. போக்கு பன்னிரண்டு. அடியில் கோடு போடச் சொன்னார். போட்டேன்.

"குறிப்பு என்ன எழுதட்டும்?"

"ஒங்களுக்குத் தோணுனத எழுதுங்க."

தோன்றியதை எழுதினேன். "போக்கு. ஆடி மாதம், இருந்தும் நேரம் அதிகம். பறக்கும் நேரத்தை ஒன்றரை மணி என்று தவறாக எழுதியது இந்திராணி. நான்கு மணி என்று சரியாகச் சொல்லி உயிரைக் காத்துக்கொண்டவர் அடைக்கலம்." கீழே கையெழுத்துப் போட்டேன். பதினாறு ஆண்டுகளில் நான் நிரப்பியவற்றில் இது ஒன்றை நிரப்பியதற்குத்தான் பெருமைப்படுகிறேன்.

அவர் படித்துவிட்டு நோட்டை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அமிர்தக்கா கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். வையவும் நேரமில்லை, வாங்கவும் நேரமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

திரும்பும் விமானம். ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன். கதவு மூடியதிலிருந்து திறந்ததுவரை நாலு மணி ஒன்பது நிமிடம். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். கைபேசியில் எடுத்துவந்த நோட்டுப் பக்கத்தைக் காட்டினேன். இருபத்து நான்கு வரிகளையும் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் படித்தார்.

"கணக்கு வராதுன்னாரே!"

"எனக்குத்தான் சார் வரலை. அவர் எனக்காகச் சொன்னார். நான் சும்மா நின்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்த மனுஷனை நான் எப்படியெல்லாம் பேசிட்டேன்" என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு, இனி என் படிவங்களை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்றார். சரி என்றேன். அதுவும் நல்ல விதி. அண்ணனின் எண்ணை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு அவரே பேசினார்.

மாலை வீட்டுக்கு வந்தபோதுதான் கவனித்தேன், குழாய் ஒழுகவில்லை. குணா வாஷர் மாற்றியிருக்கிறார்! நான் ஊரில் இல்லாத மூன்று நாளில் இந்த வீட்டில் அதிசயம் நடந்திருக்கிறது.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். "மேனேஜரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். திரும்பி வர நாலு மணி ஒன்பது நிமிடம் ஆனது."

கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. முதலில் இயந்திரத்தின் புஸ் புஸ் சத்தம். பின்னால் கோழி கூவியது. அப்புறம் அவர் குரல், நாலு இடத்தில் நின்று நின்று.

"ஏத்தா, கூறுகெட்டவளே! கண்ண எங்கன வச்சுக்கிட்டு ஃபார்ம் எழுதுன? ரெண்டு ஊருக்கு ரெண்டு நேரம்னு தெரியாது? அந்தக் கடலுக்கு மேல என்னைய எறக்கி விடப் பாத்தியே! இனிமே ஒரு ஆளு ஊருக்குப் போறான்னா, ரெண்டு கடிகாரத்தையும் பாத்து எழுதணும். வெளங்குச்சா?"

குணா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரோ உன்னை இந்தக் கிழி கிழிக்கிறாங்க, நீ என்ன சிரிச்சிக்கிட்டு நிக்கிறே?"

"ஒண்ணுமில்லை" என்றேன். "சாமான் இறங்கிடுச்சு."

அவருக்குப் புரியவில்லை. நான் மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.